ஒரு மரையில் தொங்கும் சில்லு: மோரிஸ் மைனரின் முன்பக்கச் சஸ்பென்ஷனைப் புதுப்பிக்கும் முறை

ஏ9 வீதியில் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரு முனகலும் இல்லாமல் வந்து சேர்ந்த எங்கள் மோரிஸ் மைனர் 1000, வீட்டு ஒழுங்கையிலிருந்து படலைக்குள் திரும்பும்போது விழுந்தது. நடக்கிற வேகம்கூட இல்லை. ஸ்டியரிங் முழுவதும் ஒடிக்கப்பட்டிருந்தது. இடப்பக்க முன்சில்லு வெளியே சாய்ந்து மட்கார்டுக்குள் மடிய, காரின் மூக்கு செம்மண்ணில் குத்தி நின்றது. அரை மணி நேரத்துக்கு முன்னால் அதே கார் பெரிய வீதியில் லொறிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

கழற்றிப் பார்த்தபோது காரணம் கையில் கிடைத்தது. சில்லைப் பிடித்து நிற்கும் செங்குத்துத் தண்டான கிங்பின், ட்ரனியன் என்ற உலோக மூட்டுக்குள் திருகி நிற்கும். அந்தக் கீழ் ட்ரனியனுக்குள் மரை இருந்திருக்க வேண்டிய இடம் தேய்த்து மினுக்கிய செம்புபோல வழவழவென்று இருந்தது. கிங்பின்னின் கீழ்முனையில் மரையின் முகடுகள் கத்தி அலகுபோல் மெலிந்திருந்தன. சுழற்றாமலே அது உள்ளே போனது, வெளியே வந்தது. இத்தனைக்கும் இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஒரு கராச்சில் சோதித்து, ஆட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் சோதிக்காமல் விடவில்லை. ஜாக்கைத் தவறான இடத்தில் வைத்துச் சோதித்தார்கள். அந்த வித்தியாசத்தைக் கீழே விளக்குகிறேன். மைனர் வைத்திருப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பகுதியைப் படிக்க வேண்டும்.

இந்தக் காரில் சில்லு எப்படி நிற்கிறது

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1956இல் 948 சிசி எஞ்சினுடன் மைனர் 1000 வந்தது. 1962இல் எஞ்சின் 1098 சிசி ஆனது. பெயரும் எஞ்சினும் மாறினாலும் முன்பக்கச் சஸ்பென்ஷனின் அடிப்படை மாறவில்லை. ஆகவே இங்கே சொல்வது பெரும்பாலும் எல்லா மைனர்களுக்கும் பொருந்தும்.

முன்பக்கத்தில் சுருள் வில் கிடையாது. ஒவ்வொரு பக்கத்திலும் காரின் நீளவாக்கில் ஓடும் ஓர் இரும்புத் தண்டு, அதாவது டோர்ஷன் பார், முறுக்கேறி வில்லின் வேலையைச் செய்கிறது. அதன் முன்முனை, சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையே குறுக்காக நிற்கும் கீழ்க்கையைப் பிடித்திருக்கிறது. பின்முனை காரின் நடுப்பகுதியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் இறுகியிருக்கிறது. மேலே தனியாக ஒரு கை இல்லை. ஷாக் அப்சோர்பரின் நெம்புகோலே மேல்கையாகவும் வேலை செய்கிறது. இந்த இரண்டு கைகளுக்கும் நடுவே செங்குத்தாக நிற்பது கிங்பின். அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டப்பட்டிருக்கிறது. மேலே ஒரு ட்ரனியன், கீழே ஒரு ட்ரனியன். கிங்பின் இரண்டுக்குள்ளும் போல்ட் நட்டுக்குள் போவதுபோல் திருகி நிற்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இந்த மரைகளே சுழல்கின்றன. பந்து மூட்டு எதுவும் இல்லை.

கீழ் மரைக்கு இன்னொரு பெரிய பொறுப்பும் உண்டு. காரின் எடையைத் தாங்கும் டோர்ஷன் பார் கீழ்க்கையை எப்போதும் கீழ்நோக்கி அழுத்துகிறது. சில்லோ தரையை மிதித்துக் கிங்பின்னை மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டையும் பிரியாமல் பிடித்திருப்பது அந்த மரையின் சில பற்கள் மட்டுமே. அவை தேய்ந்தால் கிங்பின் ட்ரனியனிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வரும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது மரையின் மீது பக்க விசையும் ஏறுவதால், பெரும்பாலான மைனர்கள் நிறுத்தும் இடத்திலோ படலையிலோதான் விழுகின்றன. வேகத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து மைனர்களுக்கு இந்தத் தேய்மானம் கூடுதல். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்பரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களின் கார்கள் இவை. எஞ்சினை எப்படியாவது உயிரோடு வைத்திருந்தார்கள். அடியில் இருப்பதைக் கவனிக்க வசதியும் இல்லை, பொருளும் இல்லை. காய்ந்த கிரீஸில் செம்மண் தூசி கலந்தால் அது மரையை அராவுகிற பசையாகிவிடுகிறது. கடலோர உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தேய்மானத்தைக் கண்டுபிடித்தல்

சட்டத்துக்குக் கீழே ஜாக்கை வைத்துக் காரைத் தூக்கினால் சில்லு தொங்கும். ஆனால் டோர்ஷன் பார் கீழ்க்கையை அப்போதும் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சோர்பரின் கை தடுப்பு ரப்பரில் போய் முட்டி நிற்பதால், இடையில் உள்ள கிங்பின் இழுபட்ட நிலையிலேயே இருக்கும். மரை எவ்வளவு தேய்ந்திருந்தாலும் பற்கள் ஒரே பக்கமாக இறுகிக் கிடக்கும். சில்லைப் பிடித்து உலுக்கினால் ஆட்டமே தெரியாது. எங்கள் காரைச் சோதித்தவர்கள் செய்தது இதைத்தான்.

ஜாக்கைக் கீழ்க்கைக்கு அடியில், ட்ரனியனுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். தரையிலிருந்து சில்லு இரண்டு விரல் அளவு உயர்ந்தால் போதும். இப்போது டோர்ஷன் பாரின் விசையை ஜாக் ஏற்றுக்கொள்கிறது, மரை தளர்கிறது. டயருக்கு அடியில் ஒரு நெம்புகோலைக் கொடுத்து மெல்ல மேலே தூக்கி விடுங்கள். இன்னொருவர் கீழ் ட்ரனியன் மீது விரலை வைத்துக் கவனிக்க வேண்டும். நல்ல மரையிலும் மயிரிழை அசைவு இருக்கும். ‘டொக்’ என்ற சத்தத்தோடு கிங்பின் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தால், அந்தக் காரை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, சில்லை உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு வந்தவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் சில்லின் பேரிங்கில். நிற்காவிட்டால் குற்றம் ட்ரனியனிலோ, மேல் மூட்டின் ரப்பர் உறையான புஷ்ஷிலோ, ஷாக் அப்சோர்பரின் தண்டிலோ இருக்கிறது. எது என்று கண்ணால் பார்த்தே பிரித்துக்கொள்ளலாம். சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து அசைத்தால் டை ராட் எண்டின், அதாவது ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டின், தேய்மானம் தெரியும்.

ரப்பர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். கீழ்க்கையின் உள்முனையைச் சட்டத்தோடு பிணைக்கும் கண் போல்ட்டின் புஷ் நசுங்கியிருந்தால் கீழ்க்கை நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கீழ்க்கையிலிருந்து முன்னோக்கிப் போகும் இழுகம்பியின் ரப்பர் பிய்ந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும். பலர் அதைப் பிரேக் கோளாறு என்று நினைத்துக் காசைச் செலவழிக்கிறார்கள்.

எதை வாங்குவது

ட்ரனியனை மட்டும் புதிதாகப் போட்டுத் தேய்ந்த கிங்பின்னை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூடாது. புதிய மரையும் பழைய மரையும் முழுப் பரப்பில் தொடுவதில்லை. சில மாதங்களில் புதியதும் பழையதன் நிலைக்கு வந்துவிடும். கிங்பின், மேல் ட்ரனியன், கீழ் ட்ரனியன் மூன்றும் பொருத்தப்பட்டு ஒரே தொகுதியாக வரும் முழுக் ‘கால்’ வாங்குவதே சரியான வழி. ஒரு பக்கம் விழுந்திருந்தால் மறுபக்கமும் அதே வயதுதான். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இடப்பக்கக் கால் வலப்பக்கத்துக்குப் பொருந்தாது, மரைகளும் பக்கத்துக்குப் பக்கம் வேறு. கடைக்காரர் பொதியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், பழையதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் ஒன்று உண்டு. 1990களில் அந்தத் தொழில் இங்கே நடந்தது. அதனால் இந்தக் காரின் உலோக வேலை தெரிந்த கைகள் இன்னும் நாட்டில் இருக்கின்றன. ஆனாலும் தேய்ந்த மரைக்குள் பற்றவைத்து நிரப்பி லேத்தில் மறுபடி வெட்டித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். உயிரைத் தாங்கும் மரை அது.

ரப்பர் புஷ்ஷா, பாலியூரிதேன் புஷ்ஷா என்பது இன்னொரு கேள்வி. பாலியூரிதேன் நீண்ட காலம் வரும், எண்ணெய் பட்டாலும் ஊறாது. ஆனால் இறுக்கமானது, குண்டும் குழியுமான ஒழுங்கைகளில் ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்கில் தெரியும். நான் கண் போல்ட்டுக்கும் இழுகம்பிக்கும் நல்ல ரப்பரையே போடுகிறேன். கையில் அழுத்தினால் விரல் தடம் பதிந்து உடனே மீள வேண்டும். பழைய இருப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ரப்பர் புதிதுபோலப் பளபளத்தாலும் நகத்தால் கீறினால் வெடிப்பு தெரியும். அதை வாங்க வேண்டாம்.

கருவிகளும் பாதுகாப்பும்

மைனர் 1000இன் போல்ட்கள் அங்குல அளவுடையவை. ஜப்பானியக் காருக்கு வைத்திருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானர்களைப் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 அங்குல ஸ்பானர்களும் சாக்கெட்டுகளும் வேண்டும். இரண்டு ஜாக், இரண்டு உறுதியான ஜாக் ஸ்டாண்ட், டை ராட் எண்ட் கழற்றும் கருவி, கம்பித் தூரிகை, துருவை இளக்கும் எண்ணெய், புதிய ஸ்பிலிட் பின்கள், கிரீஸ் துப்பாக்கி, வெள்ளைப் பெயின்ட், கொஞ்சம் கட்டுக்கம்பி ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

கார் சமதரையில் நிற்க வேண்டும். முற்றத்து மணலில் அல்ல. பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் அடை கொடுங்கள். கதவுக்குக் கீழே உள்ள பகுதி வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே துருவாகியிருக்கும். ஜாக் ஸ்டாண்டை அங்கே வைக்காமல், முன்பக்கச் சட்டத்தின் வலுவான இரும்புக்குக் கீழே வையுங்கள். சீமெந்துக் கல்லை ஸ்டாண்டாகப் பயன்படுத்தவே கூடாது. எச்சரிக்கை தராமல் பொடிந்துவிடும். கழற்றிய சில்லையும் ஒரு வைரமான பனங்குற்றியையும் சட்டத்துக்கு அடியில் தள்ளி வைப்பது எங்கள் வழக்கம். ஸ்டாண்ட் சரிந்தாலும் கார் அதன்மேல் நிற்கும்.

முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளையும் தூரிகையால் சுத்தம் செய்து இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். அறுபது வருடத் துருவுக்கு ஓர் இரவு கொடுப்பது பெரிய காரியம் இல்லை.

கழற்றுதல்

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். எது எப்படி இருந்தது என்ற சந்தேகம் வந்தால் மறுபக்கம் பதில் சொல்லும்.

கார் நான்கு சில்லிலும் நிற்கும்போதே, சில்லின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை உயரத்தை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். பின்னால் உயரம் மாறினால் இந்த எண் மட்டுமே உங்களுக்குத் துணை. சில்லின் நட்டுகளை இளக்கி, காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சில்லைக் கழற்றுங்கள். இரண்டாவது ஜாக்கைக் கீழ்க்கைக்கு அடியில் வைத்து, ஷாக் அப்சோர்பரின் கை தடுப்பு ரப்பரை விட்டுச் சற்றே விலகும் வரை உயர்த்துங்கள். வேலையின் அடுத்த கட்டம் முடியும் வரை இந்த ஜாக்கை யாரும் எடுக்கக் கூடாது. முறுக்கேறிய டோர்ஷன் பார் அதன்மேல்தான் அமர்ந்திருக்கிறது.

டை ராட் எண்டின் நட்டைக் கழற்றி, கருவியால் கூம்பைப் பிரியுங்கள். கருவி இல்லாவிட்டால், ஸ்டியரிங் கையின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரே அடி அடித்தால் கூம்பு விடும். மரையின் நுனியில் மட்டும் அடிக்காதீர்கள்.

பிரேக் டிரம்மையும் ஹப்பையும் கழற்றிய பின், பிரேக் தட்டை அதன் போல்ட்களிலிருந்து விடுவியுங்கள். ஹப்பின் நட்டை முழுப் பலத்தோடு திருப்புவதற்கு முன்னால் மரை எந்தத் திசையில் ஓடுகிறது என்று நுனியைத் துடைத்துப் பாருங்கள். பிரேக் தட்டைக் கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டுங்கள். ரப்பர்க் குழாயில் தொங்கவிட்டால் வெளியில் தெரியாத கிழிசல் உள்ளே விழும். குழாயைக் கழற்றாவிட்டால் பிரேக்கில் காற்று எடுக்க வேண்டிய வேலையும் இல்லை.

இழுகம்பியின் முன்முனை நட்டைக் கழற்றி, பின்முனையைக் கீழ்க்கையிலிருந்து விடுவியுங்கள். பின்பு மேல் ட்ரனியனை ஷாக் அப்சோர்பரின் கையோடு பிணைக்கும் நட்டைக் கழற்றி, ட்ரனியனைக் கையிலிருந்து உருவுங்கள். ஜாக் சரியான உயரத்தில் இருந்தால் கையால் இழுத்தாலே வரும். வரவில்லை என்றால் சுத்தியலைத் தேடாமல் ஜாக்கை அரை அங்குலம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள்.

மேல் பிணைப்பு விட்டதும் கால் வெளிப்பக்கம் சாயும். ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது ஜாக்கை மிக மெதுவாக இறக்குங்கள். கீழ்க்கை வழக்கமான எல்லையைத் தாண்டிக் கீழே போய், ஒரு கட்டத்தில் ஜாக் மட்டும் இறங்கிக் கை அங்கேயே நிற்கும். டோர்ஷன் பாரின் முறுக்கு தீர்ந்தது. முகத்தையும் கால்களையும் அதுவரை கைக்கு அடியில் கொண்டுபோகாதீர்கள்.

கீழ் ட்ரனியன், கீழ்க்கையின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒரு குறுக்கு ஊசியில் நிற்கிறது. அந்த ஊசியின் நட்டுகளில் உள்ள ஸ்பிலிட் பின்களை எடுத்து நட்டுகளைக் கழற்றி, முன்பாதியை விலக்கினால் கால் முழுவதும் கையில் வரும். ஊசியை ட்ரனியனில் பிடித்திருக்கும் சிறிய காட்டர் பின் பெரும்பாலும் பிடிவாதம் பிடிக்கும். அதன் நட்டைக் கழற்றாமல் நுனியோடு சமமாக விட்டு அதன்மேல் தட்டுங்கள். மரை வாய் விரியாது.

கண் போல்ட்டும் டோர்ஷன் பாரும்

கண் போல்ட்டின் புஷ்களை மாற்ற, கீழ்க்கையை டோர்ஷன் பாரின் ஸ்ப்ளைன் பற்களிலிருந்து பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்னால் பாரிலும் கையிலும் சேர்ந்தாற்போல் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். ஒரு பல் மாறிப் போட்டால் கார் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். அதைக் கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகுதான்.

இடப்பக்க டோர்ஷன் பாரை வலப்பக்கம் போடக் கூடாது. பல ஆண்டுகள் ஒரே திசையில் முறுக்கப்பட்டுப் பழகிய இரும்பு எதிர்த் திசையில் முறுக்கப்பட்டால் முறியக்கூடும். பாரின் மேற்பரப்பில் உளியோ ஸ்பானரோ கீறல் விழாமல் பாருங்கள். முறிவு பெரும்பாலும் ஒரு கீறலிலிருந்தே தொடங்குகிறது. துருவைத் துணியாலும் மெல்லிய உப்புத்தாளாலும் நீக்கி, பெயின்ட் பூசி, ஸ்ப்ளைனில் கிரீஸ் தடவி வையுங்கள்.

கண் போல்ட் நுழையும் சட்டத்துத் துளையைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்று கேட்டால் இரும்பு இருக்கிறது. ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே துரு. அதைப் பற்றவைத்துச் சரிசெய்யாமல் புதிய புஷ் போடுவதில் பயன் இல்லை.

ஷாக் அப்சோர்பர்

கை விடுபட்டிருக்கும் இந்த வேளையில் அதை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் வெறுமையாக ஓர் இடம் வந்தால் எண்ணெய் குறைவு. மேல்மூடியைச் சுற்றியுள்ள மண்ணை முழுவதும் துடைத்த பிறகே திறந்து, ஷாக் அப்சோர்பருக்கு உரிய மெல்லிய எண்ணெயை ஊற்றி, கையை ஆட்டி ஆட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். பிரேக் எண்ணெய் ஊற்றினால் சீல்கள் கெடும். எண்ணெய் நிரப்பியும் எதிர்ப்பு வரவில்லை என்றாலும், கை புகும் தண்டில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தாலும் வேறு ஒன்று போடுவதுதான் வழி. இதுதான் மேல்கை என்பதை மறக்க வேண்டாம். தண்டு ஆடினால் சில்லும் ஆடும்.

பூட்டுதல்

புதிய காலை அப்படியே எடுத்துப் பூட்டிவிடாதீர்கள். முதலில் மேசையில் வைத்துக் கீழ் ட்ரனியனைக் கழற்றி, மரையைச் சுத்தமான துணியால் துடைத்து, கிரீஸ் தடவி, மறுபடி முடிவு வரை ஏற்றுங்கள். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு சுற்று பின்னால் திருப்புங்கள். மேல் ட்ரனியனுக்கும் இதே கணக்கு. இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடிக்கும்போது மரை முட்டி இறுகும். அப்படி முட்டிய கிங்பின் முறிந்தும் போகும். இரண்டு ட்ரனியன்களையும் பிடித்துக்கொண்டு காலை இரு பக்கமும் முழு வீச்சில் திருப்பிப் பாருங்கள். எங்கும் முட்டாமல், எங்கும் லொடலொடக்காமல், தேனில் ஸ்பூன் சுழல்வதுபோல் திரும்ப வேண்டும். கிரீஸ் நிப்பிளில் துப்பாக்கியை வைத்து அடித்து, கிரீஸ் மறுமுனையில் வருகிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள். புதிய பாகத்திலும் துளை அடைபட்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கழற்றிய வரிசையைத் தலைகீழாக்கிப் பூட்டுங்கள். கீழ்க்கையில் ட்ரனியனை ஏற்றி, ஊசியின் நட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் திருகுங்கள். ரப்பர் புஷ்களுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். ஜாக்கால் கீழ்க்கையை மெல்ல உயர்த்தி, மேல் ட்ரனியன் ஷாக் அப்சோர்பரின் கையோடு நேர்கோட்டுக்கு வந்ததும் புஷ்களோடு உள்ளே தள்ளி நட்டைப் போடுங்கள். இழுகம்பி, பிரேக் தட்டு, ஹப், டை ராட் எண்ட் ஆகியவை அடுத்தடுத்து வரும். முன் ஹப்பின் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே இடைக்குழல் ஒன்று இருக்கிறது. அதனால் மற்றக் கார்களில் செய்வதுபோல் நட்டை இறுக்கிவிட்டுச் சற்று இளக்கும் வழக்கம் இங்கே கிடையாது. உறுதியாக இறுக்கி, புதிய ஸ்பிலிட் பின் போடுங்கள்.

இனி வருவதுதான் பலர் தவறவிடும் படி. சில்லு தொங்கும் நிலையிலேயே ரப்பர் புஷ்களின் நட்டுகளை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையில் கவ்விக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும் அது முறுக்குண்டு, ஓடும் நேரமெல்லாம் முறுக்கிலேயே இருந்து சில மாதங்களில் பிய்யும். எனவே சில்லைப் பூட்டி, காரைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டு, முன்னும் பின்னும் உருட்டுங்கள். முழு எடையும் சில்லில் இருக்கும்போது அடியில் கைவிட்டு மேல் புஷ், கீழ் ஊசி, கண் போல்ட், இழுகம்பி எல்லாவற்றின் நட்டுகளையும் இறுதியாக இறுக்குங்கள். கை நுழைய இடம் போதாவிட்டால் முன்சில்லுகளைச் சமமான தடித்த பலகைகள் மீது ஏற்றிக்கொள்ளலாம். ஸ்பிலிட் பின்களை அதற்குப் பிறகே வளையுங்கள்.

சில்லுகளின் நேர்

காலை மாற்றினால் சில்லுகளின் நேர் கட்டாயம் மாறும். மைனருக்கு முன்சில்லுகள் முன்னால் 3/32 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர், உள்நோக்கி இருக்க வேண்டும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஹப்பின் உயரத்தில், ரிம்மின் பின்விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து அந்த இடத்தில் சோக்கட்டியால் குறியிடுங்கள். சில்லு அரைச் சுற்று உருளும்படி காரைத் தள்ளி, அதே குறிகள் முன்னால் வந்ததும் மறுபடி அளவெடுங்கள். ரிம் கோணலாக இருந்தாலும் இந்த முறையில் பிழை வராது. திருத்தும்போது இரண்டு பக்க டை ராடுகளையும் சம அளவு திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டியரிங் வளையம் கோணலாக நிற்கும். பின்னர் கணினி வசதியுள்ள இடத்தில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

முதலில் எழுதி வைத்த உயரத்தோடு இப்போதைய உயரத்தை ஒப்பிடுங்கள். புதிய புஷ்களால் சற்று உயர்ந்திருப்பது இயல்பு. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி வேறுபட்டால் ஸ்ப்ளைனில் பல் மாறியிருக்கிறது என்று பொருள்.

கிரீஸ்

ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிப்பிள்கள்: மேல் ட்ரனியன், கீழ் ட்ரனியன், டை ராட் எண்ட். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். கார் அதிகம் ஓடாவிட்டாலும் மாரிக்கு முன்னால் ஒருமுறை, வெள்ளம் வடிந்த பிறகு ஒருமுறை அடியுங்கள். அடிக்கும்போதும் ஜாக் கீழ்க்கைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். எடை தாங்கும் பற்களின் முகம் அப்போதுதான் விலகிக் கிரீஸுக்கு வழிவிடும். பழைய கறுத்த கிரீஸ் முழுவதும் வெளியேறி, புதியது அதன் நிறத்தோடு எட்டிப்பார்க்கும் வரை அடித்து, இடையில் ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடித்து, மறுபடி அடியுங்கள். வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். தூசி ஒட்ட இடம் கொடுக்கக் கூடாது. டிரயம்ப் ஹெரால்டின் கீழ் ட்ரனியனுக்குக் கியர் எண்ணெய் விடுவார்கள். அதைக் கேள்விப்பட்டு மைனருக்கும் எண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. இதற்குக் கிரீஸ்தான்.

முதல் நூறு மைல் ஓடியதும் எல்லா நட்டுகளையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். ரப்பர் படிந்து ஒன்றிரண்டு சற்று இளகியிருக்கும். ஜாக்கைக் கீழ்க்கைக்கு அடியில் வைத்து, அந்த நெம்புகோல் சோதனையையும் அதே நாளில் செய்து, ட்ரனியனில் விரல் வைத்து உணர்ந்ததை ஒரு கொப்பியில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த கிரீஸ் நாளில் அதை எடுத்துப் பாருங்கள்.